சுரபுன்னைக் காட்டுக்குள் ஒரு வாண்டுப் பட்டாளம்

அய்யோ, இதை எங்கிருந்து ஆரம்பிப்பேன்! ஆபீசில் சொல்லியாயிற்று, மாமனார் வீட்டில் சொல்லியாயிற்று, காலையில் பால் போட வரும் அண்ணனை வாசலில் நிறுத்திவைத்தும் சொல்லியாயிற்று; இன்னும் மனசு அடங்கவில்லை. உங்கள் வீட்டில் மூன்று வயதிலோ ஆறு வயதிலோ ஒரு வாண்டு இருக்கிறதா? இருந்தால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மாலுக்கு இல்லை, தீம் பார்க்குக்கு இல்லை. மண்ணும் தண்ணீரும் மரமும் இருக்கிற இடத்துக்கு! "பிள்ளைங்க கொஞ்சம் வளரட்டும், அப்புறம் போலாம்" என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். நான் சொல்கிறேன், வளர்வதற்குள் போய்விடுங்கள். மூன்றடி உயரத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் எறும்புப் புற்றும் நண்டு வளையும் முகத்துக்கு நேரே தெரிகின்றன. அந்த உயரம் கொஞ்ச காலத்துக்குத்தான் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் இந்தப் பைத்தியம் மொட்டை மாடியில் தொடங்கியது. ஒரு பாய், கொசுவலை, டார்ச் லைட், டப்பாவில் புளியோதரை. தை மாதத்து இரவு, மேலே ஓரியன் விண்மீன் கூட்டம், அதன் இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள், பக்கத்திலேயே செக்கச்செவேலென்று திருவாதிரை. "அது என்னோட நட்சத்திரம்!" என்று மகள் கத்த, "இல்ல, என்னோடது!" என்று சின்னவன் கத்த, அக்கம்பக்கத்து வீடுகளில் விளக்கு எரிந்தது. அடுத்து வேடந்தாங்கல். ஏரிக்குள் நிற்கும் மரங்கள் முழுக்கப் பறவைக் கூடுகள், காது நிறையச் சத்தம், நத்தைகுத்தி நாரை தலைக்கு மேலே பறக்கிறது. பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது, அதனால் தலைமுறை தலைமுறையாக ஊர்க்காரர்களே அந்தப் பறவைகளைப் பாதுகாக்கிறார்கள் என்று சொன்னேனா, "கக்கா போட்டா நெல்லு வளருமா!" என்று சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். பாடப் புத்தகம் நாலு பக்கத்தில் சொல்வது அவனுக்கு அந்த ஒரு சிரிப்பில் பதிந்துவிட்டது!

ஆனால் பிச்சாவரம் இருக்கிறதே, பிச்சாவரம்! அதுதான் எங்களை அடியோடு புரட்டிப் போட்டது. சிதம்பரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, கடலை ஒட்டி, ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்துகிடக்கிற அலையாத்திக் காடு. 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். நாங்கள் முதல் நாள் இரவே சிதம்பரத்தில் தங்கி, விடிந்ததும் இட்லியைக் கட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போய்விட்டோம். மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு துடுப்புப் படகையே கேளுங்கள். அதுதான் குறுகலான கால்வாய்களுக்குள் நுழையும். அதுதான் குழந்தை "நில்லு!" என்றால் நிற்கும்.

இப்போது நினைத்துப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு இரண்டு குட்டிகளும் படகின் நடுப்பலகையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அகலமான நீர்ப்பரப்பு, முகத்தில் அடிக்கிற வெயில், உப்புக் காற்று. தூரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, வலை எதுவும் இல்லாமல் வெறுங்கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மீனவர்கள். படகு மெல்ல வளைந்து ஒரு மர இடுக்கை நோக்கிப் போகிறது. அங்கே வழியே இல்லை என்று தோன்றுகிறது, முட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தோன்றுகிறது, அப்போது படகுக்காரர், "தலையக் குனிஞ்சுக்கங்க சார், பாப்பா நீயும் குனி" என்கிறார், குனிகிறோம், நிமிர்கிறோம், உலகமே மாறிவிட்டது! வெயில் இல்லை, இரைச்சல் இல்லை, மேலே இலைக்கூரை, தண்ணீரெல்லாம் பச்சை, இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள் நடு உடம்பிலிருந்து வேர்களை வளைத்து வளைத்துச் சேற்றில் ஊன்றி நிற்கின்றன, கை நீட்டினால் தொட்டுவிடலாம், துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் தனியாகக் கேட்கிறது, சேற்று வாடை மூக்கில் ஏறுகிறது, எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கிறது, நான் "ஹோ!" என்று கத்திவிட்டேன், வெட்கமே இல்லாமல் கத்தினேன், மகள் கத்தினாள், மகன் கத்தினான், எப்போதும் அமைதியாக இருக்கிற என் மனைவிகூடக் கத்தினாள், எங்கேயோ இருந்த கொக்கு ஒன்று படபடவென்று எழுந்து பறந்தது!

அதோடு முடிந்ததா? அங்கேதான் ஆரம்பம். "அண்ணே, நிறுத்துங்க நிறுத்துங்க!" என்று மகள் விரலை நீட்டினாள். சேற்று விளிம்பில் குட்டிக் குட்டி நண்டுகள், ஒரு கை சிறுத்தும் மறு கை உடம்பளவு பருத்தும். ஆண் நண்டு அந்தப் பெரிய கையைத் தூக்கி ஆட்டி ஆட்டித் துணையைக் கூப்பிடுமாம். இவளுக்கு அதெல்லாம் எதற்கு? "அப்பா, நமக்கு டாட்டா காட்டுதுப்பா!" என்று பதிலுக்குக் கை ஆட்டத் தொடங்கிவிட்டாள். நானும் ஆட்டினேன். படகுக்காரரும் துடுப்பை வைத்துவிட்டு ஆட்டினார். எவ்வளவு நேரம் அங்கே நின்றோமோ தெரியாது, அவர் ஒரு முறைகூட "போலாமா" என்று கேட்கவில்லை. அந்த மகராசன் நன்றாக இருக்கட்டும்!

அப்புறம் ஒரு கிளையைக் காட்டினார். முருங்கைக்காய் மாதிரிப் பச்சையாக நீள நீளமாக ஏதோ தொங்கியது. அது காய் இல்லை, கன்று! சுரபுன்னையின் விதை, மரத்தில் இருக்கும்போதே முளைத்து, தாய் மரத்தைப் பிடித்துக்கொண்டே வளர்ந்து, பிறகுதான் கீழே விழுகிறது. சேற்றில் நேராகக் குத்தினால் அங்கேயே வேர் விடும். தண்ணீரில் விழுந்தால் மிதந்து போய் வேறு கரையில் பிடித்துக்கொள்ளும். மகள் கண்ணை விரித்து, "அப்ப மரம் குட்டி போடுதா அண்ணே?" என்றாள். "ஆமா பாப்பா, குட்டிதான் போடுது" என்றார் அவர். அந்தக் கேள்விக்காகவே நான் பிச்சாவரத்துக்குக் கோடி முறை போவேன்!

இன்னும் கேளுங்கள். வெண்கண்டல் மரத்தின் இலையை ஒடிக்காமல், அதன் மேல் விரலை மட்டும் தடவி நக்கச் சொன்னார். உப்பு! வேர் வழியாக உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது அந்த மரம். சின்னவன் அடுத்த இலைக்குக் கையை நீட்ட, உடனே தடுத்தார். அது தில்லை. சிதம்பரம் நடராசர் கோயிலின் தல மரம். அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து. அதனால் தெரிந்தவர் காட்டாமல் எந்த இலையையும் தொடவிடாதீர்கள். அடுத்த வளைவில் எம்.ஜி.ஆர். கதை வந்தது, 1975இல் வந்த 'இதயக்கனி'யின் சில காட்சிகளை இங்கேதான் படம்பிடித்தார்கள் என்று. அதற்கடுத்த வளைவில் சுனாமி. 2004 டிசம்பர் 26 அன்று அலை வந்தபோது இந்தக் காடு முன்னால் நின்று வேகத்தை வாங்கிக்கொண்டது, பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைந்தது. மகள் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த வேரைத் தட்டிக்கொடுத்தாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நடுப்பகலில் வெயில் கொளுத்தும், விடுமுறை நாளில் கூட்டம் இருக்கும், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள், விடுமுறை இல்லாத நாளாகப் பார்த்து, காலையிலேயே போனால் அந்தக் கவலையும் இல்லை. மூட்டை பெரிதாக வேண்டாம். தொப்பி, மாற்றுத்துணி, பழைய துண்டு, மோர், வேர்க்கடலை, ஒரு பூதக்கண்ணாடி போதும். பசி வருவதற்கு முன்னால் ஊட்டிவிடுங்கள், களைப்பு வருவதற்கு முன்னால் திரும்பிவிடுங்கள். அரை நாளுக்கு ஓர் இடம், அதற்கு மேல் திட்டம் போடாதீர்கள். முக்கியமான ஒன்று: எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்று முடிவு செய்கிற அதிகாரத்தைக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள். உச்சியைத் தொட வேண்டும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டும் என்பதெல்லாம் பெரியவர்கள் கணக்கு. ஒரு நண்டு வளைக்கு முன்னால் முழுசாகக் குந்தி உட்கார நேரம் கிடைத்தால், அதுதான் அவர்களுக்கு இமயமலை!

அடுத்தது செஞ்சிக்கோட்டை. அங்கே ராஜகிரி மலை செங்குத்து, அதனால் முதலில் எதிர்ப்புறம் இருக்கிற கிருஷ்ணகிரி மலை. எத்தனை படி ஏறுவோம் என்று நான் கேட்கவே இல்லை, பாதியில் ஓர் ஓணான் குறுக்கே வந்தால் அன்றைக்குக் கோட்டை அவ்வளவுதான், அதற்கும் நான் தயார்! பெரியவள் இப்போதே பையைக் கட்டிவைத்துவிட்டாள், சின்னவன் அதில் தன் பொம்மை லாரியைத் திணித்துவிட்டான். நீங்கள் இந்தச் சனிக்கிழமை என்ன செய்யப் போகிறீர்கள்? பக்கத்து ஏரிக்கரை போதும், ஊர்க்கோடிக் குன்று போதும், ஒன்றும் இல்லாவிட்டால் மொட்டை மாடி இருக்கவே இருக்கிறது. அலாரத்தை ஐந்து மணிக்கு வையுங்கள், பிள்ளைகளைத் தூக்கக் கலக்கத்தோடேயே தூக்கிக்கொண்டு கிளம்புங்கள், சும்மா யோசித்துக்கொண்டே இருக்காமல் கிளம்புங்கள் சார்!