வீரப்பயணக் கோட்பாடும் பாரசீகக் காதற்கதை மரபும்: 'முழுமதி' என்னும் பெயரை முன்வைத்து

கொச்சி மட்டாஞ்சேரியில் மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி, தக்கினி உருது முதலிய மொழிகள் அருகருகே வழங்குகின்றன. இவற்றுள் உருதுவும், கேரள முஸ்லிம்களின் அரபு-மலையாளமும் பாரசீகக் காதற்கதை மரபைத் தத்தம் வழியில் ஏற்றவை. இவ்விரண்டையும் ஒருசேர நோக்கின், தொன்மப் படிமம் பற்றிய பொதுக்கோட்பாடு ஒன்றன் எல்லை புலனாகும்.

ஜோசப் கேம்பெல் 1949இல் விளக்கிய வீரப்பயணம் புறப்பாடு, சோதனை, மீளல் என்னும் மூன்று நிலைகளை உடையது. அவற்றைக் கடப்பவன் தலைவன் ஒருவனே. நிஜாமியின் 'லைலா மஜ்னூன்' (1188) இவ்வரையறைக்குள் அடங்குவதில்லை. பாலைவனம் புகுந்த மஜ்னூன் தன் குலத்தாரிடம் மீளாது, லைலாவின் கல்லறையிலேயே உயிர் துறக்கிறான்.

மீர் ஹசன் ஹிஜ்ரி 1199இல் (1784-85) இயற்றிய 'ஸிஹ்ருல் பயான்' என்னும் உருது மஸ்னவியில் இவ்விலகல் மேலும் வலுப்பெறுகிறது. இளவரசன் பேநஸீர் பரி ஒருத்தியின் சினத்திற்கு ஆளாகிக் கிணற்றில் சிறைப்படுகிறான். தேடிப் புறப்படுபவள் தலைவியின் தோழியான அமைச்சர் மகள் நஜ்முன்னிஸா. யோகினி வேடம் பூண்ட அவள், ஜின் அரசன் மகனின் துணையைப் பெற்று அவனை மீட்கிறாள். பயணம் தோழியுடையது, தலைவன் அதன் இலக்கு மட்டுமே.

கொண்டோட்டி மோயின்குட்டி வைத்தியர் தம் இருபதாம் வயதில், 1872இல், இயற்றிய அரபு-மலையாளக் காப்பியம் 'பத்ருல் முனீர் ஹுஸ்னுல் ஜமால்'. இதில் மன்னன் மகளும் அமைச்சன் மகனும் பிரிந்து துன்புற்றுக் கூடுகின்றனர். அலைச்சல் இருவர்க்கும் உரியது. 'ஒளிவீசும் முழுமதி' எனப் பொருள்படும் பெயர் மீர் ஹசனிடம் தலைவிக்கும், வைத்தியரிடம் தலைவனுக்கும் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. பாரசீகத்தில் பால்காட்டும் இலக்கணக்கூறு இல்லை. மதியுவமை அங்கு இருபாலார்க்கும் பொது.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு இங்கேயே இடர் எழுகிறது. மலையாள வினைமுற்று பால் காட்டாது. தமிழ் வினைமுற்றோ 'ஆன்', 'ஆள்' விகுதிகளால் பாலை வரையறுத்துவிடும். வீரப்பயணம் ஆணுக்கே உரியது என முன்னரே கொண்டவர், மூலம் பொதுவாக விட்ட இடங்களிலும் ஆண்பாலையே நாடுவர். தொழிற்பெயரும் வினையெச்சமும் இப்பொதுமையைப் பெரிதும் காக்க வல்லவை. நஜ்முன்னிஸாவைத் 'தோழி' எனப் பெயர்ப்பதிலும் விழிப்பு வேண்டும். அகமரபுத் தோழி சொல்லால் துணை நிற்பவள். இவளோ நாடு கடந்து செல்பவள். கோட்பாட்டிற்கேற்பப் பாத்திரங்களைச் சுருக்குதல் மொழிபெயர்ப்பாகாது.