குறிப்பு: 'குறை', கட்டம்: நாலு

சமீபத்தில் ஒரு குறுக்கெழுத்துப் புதிரிடம் தோற்றேன். இடமிருந்து வலம், நாலு கட்டம். குறிப்பு: 'குறை'. அவ்வளவுதான். கடைசிக் கட்டத்தில் 'கு' மட்டும் கைவசம். ஜம்மென்று 'சுருக்கு' என்று எழுதிவிட்டேன். அடுத்த இதழில் விடை வந்தது: 'இறக்கு'.

சண்டைக்குப் போக எனக்கு உரிமை உண்டா, இல்லையா? நீங்களே சொல்லுங்கள். 'ஒடுக்கு'கூடப் பொருந்துமே! 'குறுக்கு'? அது புதிரின் பெயரிலேயே இருக்கிறது. (அங்கே அர்த்தம் வேறு, விடுங்கள்.)

1913 டிசம்பர் 21-ல் 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் ஆர்தர் வின் ஆரம்பித்துவைத்த விளையாட்டு இது. இன்றைய அமெரிக்கக் கட்டங்களில் ஒவ்வொரு எழுத்தும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வார்த்தைகளில் மாட்டியிருக்கும். அதனால் ஒற்றை வார்த்தைக் குறிப்பு அங்கே நியாயம். பிரிட்டிஷ் கட்டத்தில் பாதி எழுத்து தனியாக நிற்கும். அதை ஈடுகட்ட, கிரிப்டிக் குறிப்பிலேயே விடைக்கு இரண்டு வழி வைப்பார்கள். நம்மவர்கள் கட்டத்தைப் பிரிட்டிஷ்காரனிடமும் குறிப்பை அமெரிக்கனிடமும் வாங்கிவிட்டார்கள். போதாததற்கு, நம் எழுத்து 247!

என் நிஜமான வருத்தம் வேறு. தமிழில் எது குறைகிறது என்று தெரியாமல் வார்த்தையே சொல்ல முடியாது. விலை இறங்கும். கோபம் தணியும். வலி மட்டுப்படும். வெள்ளம் வடியும். குளம் வற்றும். குழம்பு சுண்டும். உடம்பு இளைக்கும். நிலா தேயும். கையிருப்பு கரையும். நான் படித்த பி.காமிலும் மெஷினின் மதிப்பு குறைந்தால் அதற்குப் பெயர் தேய்மானம்தான். குளத்தைத் தணிய வைத்துப் பாருங்கள், பாட்டி சிரிப்பாள்.

இத்தனையையும் 'குறை' என்று ஒரே மூட்டையாகக் கட்டி, எதை எடுத்தாலும் சரி என்கிறது புதிர். செய்தி எழுதும் நாங்களும் அப்படித்தான் ஆகிவிட்டோம். வரிக் குறைப்பு, வட்டிக் குறைப்பு என்று நல்ல செய்திக்குப் போடுகிற வார்த்தையையே 'ஆட்குறைப்பு' என்று வேலை போனவன் தலையிலும் போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். முந்நூறு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று எழுதினால் படிக்கிறவருக்குச் சுருக்கென்று இருக்கும். 'ஆட்குறைப்பு' என்றால் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

புதிர் போடும் நண்பரே, 'விலையைக் குறை' என்று போட்டிருந்தால் 'இறக்கு' என்று எழுதியிருப்பேனே. ஒரே ஒரு வார்த்தைதான் கூடுதல். அச்சுச் செலவு ஏறிவிடாது.