சாவி சொன்னால் பாயும் மின்சாரம்

ஜார்ஜ் டவுனில் உணவு விநியோகிக்கும் இளைஞர்களின் மோட்டார் சைக்கிள்களில் கைப்பேசி சார்ஜரும் கூடுதல் விளக்கும் சாதாரணம். அவற்றை நேரே 12 வோல்ட் பேட்டரியில் இணைத்தால், அணைக்க மறந்த இரவில் பேட்டரி செத்துப்போகும். தேர்ந்த மெக்கானிக், சாவி திருப்பினால் மட்டும் உயிர்பெறும் ஒயரைத் தேடுவார்: ஹோண்டாவில் பெரும்பாலும் கறுப்பு, யமஹாவில் பழுப்பு. அது ரிலே என்ற மின்காந்தச் சுவிட்சின் 86-ஆம் முனைக்குப் போகும். 85 வண்டியின் எர்த்துக்கு. பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக 30, விளக்குக்கு 87. சிறு மின்னோட்டம் கட்டளையிட, பெரியது தனி வழியில் பாய்கிறது. சாவிச் சுவிட்சுக்குச் சுமையில்லை. பியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருப்பதுதான் இந்த வேலையின் அழகு. ஒயர் எங்கே உரசித் தேய்ந்து வண்டியின் உலோகத்தைத் தொட்டாலும் முதலில் எரிவது பியூஸ்; வண்டி தப்பிக்கும். அடுத்த முறை எதையாவது பொருத்தச் சொல்லும்போது, பியூஸ் எங்கே என்று கேட்டுவிடுங்கள்.