போக்கும் வரவும்

ஒரு மனிதன் எங்கே வாழ்கிறான் என்ற கேள்விக்கு அவனுடைய அயலவரிடம் விடை உண்டு. அவன் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தில் விடை உண்டு. அவன் உழைக்கும் இடத்தில் விடை உண்டு. இம்மூன்றையும் ஒதுக்கிவிட்டு, அவன் எந்த நாளில் எந்தத் துறையைக் கடந்தான் என்று எழுதிய ஏட்டை மாத்திரம் புரட்டி விடைகாண முற்படும் அரசாங்கம் எதைத் தேடுகிறது? அவன் வாழும் இடத்தையா, அல்லது அவனுக்கு உரியதை மறுப்பதற்கு ஒரு காரணத்தையா? இக்கேள்வி இன்று பிரித்தானியாவில் பேசப்படுகிறது. மலையகத் தமிழர் முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே இக்கேள்வியின் முன் நிறுத்தப்பட்டவர்கள். ஆகவே இதைப்பற்றிப் பேசும் தகுதி நமக்கு உண்டு; கடமையும் உண்டு.

முதலில் அண்மைச் செய்தியை நோக்குவோம். 2025ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் வருமான, சுங்கத் திணைக்களம் ஏறக்குறைய 23,500 குடும்பங்களின் பிள்ளைகள் உதவிப்பணம் பற்றிக் கேள்வி எழுப்பிப் பணத்தை நிறுத்தியது. எட்டு வாரத்துக்கு மேல் நாட்டை விட்டு அகன்றிருப்போர் பொதுவாக அவ்வுதவியைப் பெறலாகாது என்பது விதி. உள்துறை அமைச்சின் பயணக் குறிப்புகளைத் திணைக்களம் வாங்கிப் பார்த்தது. வெளியே போனதாகக் குறிப்பு இருந்து, திரும்பி வந்ததாகக் குறிப்பு இல்லையேல், அக்குடும்பம் குடிபெயர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிற்று. வட அயர்லாந்தில் வாழ்வோர் பெல்பாஸ்ட் நகரிலிருந்து விமானமேறி, டப்ளின் நகரில் வந்திறங்கி, தரை வழியாக வீடு திரும்புவது சாதாரண வழக்கம். அந்த எல்லையில் கடவுச்சீட்டைப் பார்ப்பார் இல்லை. ஆகவே அவர்களுடைய போக்கு ஏட்டில் ஏறியது, வரவு ஏறவில்லை. பயணத்துக்குச் சீட்டுப் பதிந்து, நோயினாலோ வேறு காரணத்தினாலோ புறப்படாமலே நின்றுவிட்டவர்களும் வெளியேறியவர்களாகக் கணிக்கப்பட்டார்கள். பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்வரும் தாய்க்கு, "நீ இந்நாட்டில் இல்லை" என்ற பொருளில் கடிதம் வந்தது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. சம்பளத்திலிருந்து வரி கழிக்கும் பதிவேடும் அதே திணைக்களத்தின் கையில் இருந்தது. அதைப் பார்த்திருந்தால் அத்தாய் மாதந்தோறும் உள்நாட்டில் உழைப்பது தெரிந்திருக்கும். பரீட்சார்த்தமாக நடத்தியபோது அதனைப் பார்த்தார்கள். திட்டத்தை விரிவாக்கியபோது வேலையைச் சுருக்கும் பொருட்டு அதனை விட்டுவிட்டார்கள். கண்டனம் எழுந்த பின்னர் திணைக்களம் மன்னிப்புக் கேட்டது. வரிப் பதிவேட்டை மீண்டும் பார்க்கவும், பணத்தை நிறுத்துமுன் பதில் சொல்ல ஒரு மாத அவகாசம் தரவும் உடன்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 35 கோடி பவுண் மிச்சமாகும் என்பதே இத்திட்டத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம். ஆக, சான்று கிடைக்காததால் நேர்ந்த பிழை அன்று இது. கையிலிருந்த சான்றைப் பார்க்கும் செலவைச் சேமித்து, அச்செலவை ஏழைத் தாய்மாரின் தலையில் ஏற்றியதே நடந்தது.

இனி நமது மண்ணுக்கு வருவோம். மாத்தளை என்ற பெயரே பயணத்தோடு பிணைந்த பெயர். கோப்பிக் காலத்தில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து புறப்பட்ட தொழிலாளர், மன்னார்க் கரையில் தோணியிலிருந்து இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக ஏறத்தாழ 150 மைல் காட்டுப்பாதையை நடந்து கடந்து மாத்தளையை அடைந்தார்கள். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் அப்பாதையிற் கொண்டுபோன உயிர்கள் பல. வழியிற் செத்தவர்களின் பெயர்களை எழுதிவைப்பார் இல்லை. 2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து ஜூலை 28ஆம் நாள் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையில் வந்து நிறைவெய்தியது இக்காரணத்தினாலேயே.

கோப்பித் தொழிலுக்குப் பருவந்தோறும் ஆள் வேண்டும். பழம் பறித்து முடிந்தபின் ஆளுக்குச் சோறு போடத் தோட்ட முதலாளிக்கு விருப்பமில்லை. ஆகவே தொழிலாளர் பலர் ஊருக்குத் திரும்பினர். மறு பருவத்தில் மறுபடி வந்தனர். இந்தப் போக்குவரவு அவர்களுடைய நிலையற்ற மனத்தினால் விளைந்ததன்று. முதலாளியின் இலாபக் கணக்கு வகுத்த ஒழுங்கு அது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். தொழிலாளர் லயங்களில் நிலைத்தனர். பிள்ளைகள் இங்கே பிறந்தனர். பெற்றோர் இங்கே புதைக்கப்பட்டனர். எனினும் தாய்வீட்டுப் பிரசவத்துக்கும், தங்கையின் கலியாணத்துக்கும், குலதெய்வத்தின் கொடைக்கும் கடல் கடந்து போய்வந்தனர். உறவு அறாத எந்த மனிதரும் இதையே செய்வர்.

அப்பயணங்களை எழுதிய ஏடுகளும் காலத்துக்குக் காலம் பெருகின. 1901இல் தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டு வந்தது. பயணச் செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்று அறிவதே அதன் நோக்கம். மண்டபம் முகாமில் தொழிலாளரைத் தடுத்துவைத்துப் பதிந்தார்கள். கொள்ளை நோய் தீவுக்குள் நுழையாமற் காப்பதும், ஆட்கட்டலை ஒழுங்கு செய்வதும் அதன் நோக்கம். 1948இல் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் வந்தபின் அனுமதிப் பத்திரங்கள் சேர்ந்தன. எல்லையைக் காவல் செய்வது அதன் நோக்கம். இவற்றுள் ஒன்றேனும், "இம்மனிதனுடைய வாழ்வு எங்கே வேரூன்றியிருக்கிறது?" என்ற கேள்விக்கு விடை காண எழுதப்பட்டதன்று.

ஆயினும் அக்கேள்விக்கு விடையைப் பயணக் கணக்கிலேயே தேடும்படி ஒரு சட்டம் பிறந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் பெரும்பகுதியினரை நாடற்றவராக்கியது. அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் பிரஜாவுரிமைச் சட்டம், விண்ணப்பித்துப் பெறலாம் என்று ஒரு சிறு கதவைத் திறந்தது. 1946 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வசித்திருத்தல் வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் அத்தொடர்ச்சி அறுந்துவிடும் என்பது விதி. மனைவியும் வயதுவராத பிள்ளைகளுங்கூடத் தொடர்ந்து இங்கு வசித்திருத்தல் வேண்டும். நிரூபிக்கும் பாரம் முழுவதும் விண்ணப்பதாரி மீது.

மணமானவருக்குரிய ஏழாண்டுக் கணக்கைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அது 1939இல் தொடங்கி 1945 முடிய வருகிறது. 1939 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்தது. அதன்பின் உலக யுத்தம். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது குண்டு வீசியபோது அஞ்சி இந்தியாவுக்கு ஓடியவர் பலர். போனவர் நினைத்தபோது திரும்பக் கூடிய காலமன்று அது. இரு அரசாங்கங்களும் ஒரு யுத்தமும் சேர்ந்து அடைத்த பாதையில், ஓராண்டுக்குள் ஏன் திரும்பவில்லை என்று தொழிலாளியை நோக்கிக் கேட்டது சட்டம். எழுத்தறியாதவன் பதில் சொல்லவேண்டும். பதிலுக்குப் பத்திரம் காட்டவேண்டும். அப்பத்திரமோ தோட்டத்து ஆபீசில், துரையின் அலுமாரியில்.

விளைவு நாம் அறிந்ததே. சுமார் எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். மறுக்கப்பட்டவர்கள் இழந்தது ஒரு பெயரை மாத்திரமன்று. வாக்குரிமை போயிற்று, அரசாங்க உத்தியோகம் போயிற்று, குடியேற்றத் திட்டத்தில் ஒரு துண்டுக் காணிக்குக் கையேந்தும் உரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்றது.

காலம் மாறியும் இம்மனப்பாங்கு மாறச் சுணங்கிற்று. 2003ஆம் ஆண்டின் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை அளித்தது. இது பெரிய முன்னேற்றம், மறுப்பாரில்லை. ஆனால் 1983 வன்செயலிலும் அதன் பின் வந்த போரிலும் உயிர் பிழைக்கத் தோணியேறியவர்களின் கதி யாது? மாத்தளை நகரும் அவ்வாண்டு எரிந்தது; முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. அக்காலத்தில் தமிழகத்துக்கு ஓடிய நாடற்றோரை, "இடையறாது வசித்தல்" என்ற சொல் மறுபடியும் வெளியே நிறுத்தியது. 2009இல் சட்டத்தைத் திருத்தியே அச்சொல்லின் கொடுமையைத் தணிக்க நேர்ந்தது. அவர்களிற் பலர் தங்கவைக்கப்பட்ட இடங்களுள் ஒன்று அதே மண்டபம் முகாம் என்பதை வரலாற்றின் கசப்பான நகைப்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இலக்கியக்காரராகிய நாம் இதனை எவ்வாறு எழுதினோம் என்றும் கேட்டுக்கொள்ளவேண்டும். புதுமைப்பித்தனின் "துன்பக்கேணி" கடல் கடந்த மருதியின் துயரைத் தமிழுக்குத் தந்தது. கோகிலம் சுப்பையாவின் "தூரத்துப் பச்சை" ஆசை காட்டி அழைத்து வரப்பட்ட தலைமுறையை நாவலாக்கியது. பாராளுமன்றத்தில் அமர்ந்து அந்த உரிமை பறிபோனதைக் கண்ணாற் கண்ட சி. வி. வேலுப்பிள்ளை "நாடற்றவர் கதை" எழுதினார். மாத்தளை எழுத்தாளர் மூவரின் "தோட்டக்காட்டினிலே" இப்பிரதேசத்து வாழ்வுக்குக் குரல் கொடுத்தது. இவை நமது செல்வங்கள். ஆயினும் பொதுவாக நோக்குமிடத்து, புகைவண்டி நிலையத்துப் பிரிவின் கண்ணீரை எழுதிய அளவுக்கு விசாரணை மேசையை நாம் எழுதவில்லை என்றே சொல்லவேண்டும். எந்தக் கேள்வி கேட்கப்பட்டது, எந்தத் தாள் காட்டப்பட்டது, எந்தத் தேதி ஒரு குடும்பத்தை இரண்டாக்கியது என்ற விபரங்கள் கதையில் அருமையாகவே வருகின்றன. கண்ணீரை மட்டும் காட்டினால் வாசகன் விதியை நொந்துகொள்வான். கண்ணீரை வரவழைத்த விதிமுறையைக் காட்டினால்தான் அது மனிதர் செய்தது, மனிதரால் மாற்றக்கூடியது என்று உணர்வான். யதார்த்தவாதம் நம்மிடம் கேட்பது இதனையே.

"பொதுப்பணத்தை யார் பெறுகிறார் என்று பார்க்கவே கூடாதா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பொதுப்பணம் உழைக்கும் மக்களின் பணம். அதைக் காப்பதில் நமக்கே அக்கறை அதிகம். ஆனால் பார்ப்பது வேறு, தண்டிப்பது வேறு. பயணக் குறிப்பு ஓர் ஐயத்தை எழுப்பலாம், தீர்ப்பை எழுதலாகாது. ஏட்டில் வரவு இல்லை என்பது ஏட்டின் குறையா, ஆளின் குறையா என்று விசாரித்து அறியும் பொறுப்பு ஏட்டை வைத்திருப்பவனுடையது. விசாரித்து முடியும்வரை அடுப்பை அணைக்க அவனுக்கு உரிமை இல்லை.

இது வெறும் பழங்கதையன்று. 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும உதவித் திட்டத்தில், வீடு, சொத்து, மின்சாரப் பாவனை முதலிய அளவுகோல்களைக் கொண்டு குடும்பங்கள் தரம் பிரிக்கப்பட்டன. முதற்பட்டியல் வெளிவந்ததும் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் வந்தன. வறுமையைத் தூரத்திலிருந்து அளக்கும் கோல் எத்துணை நம்பத்தக்கது என்பதற்கு அது ஒரு சாட்சி. இந்தியாவின் உதவியுடன் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம் ஒன்றும் முன்னெடுக்கப்படுகிறது. நலத் திட்டத்தின் ஏட்டையும் குடிவரவுத் திணைக்களத்தின் ஏட்டையும் ஒன்றாகக் கோப்பது அப்போது ஒரு பொத்தானை அழுத்தும் காரியமாகிவிடலாம். மாத்தளைத் தோட்டங்களிலிருந்தும் தாய்மார் வீட்டுவேலைக்கு வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். பிள்ளைகள் பாட்டியின் கையில் வளர்கிறார்கள். போன தாயின் பெயர் ஏட்டில் இருக்கும். சம்பளம் மறுக்கப்பட்டு அவள் வெறுங்கையோடு இருப்பது எந்த ஏட்டிலும் இராது. அந்நாளில் அப்பாட்டியின் உதவிப்பணத்தை எந்தக் குறிப்பு தீர்மானிக்கப் போகிறது?

ஆதலால் இப்போதே கேட்டுவைப்போம். ஒரு நோக்கத்துக்காக எழுதிய ஏட்டை வேறொரு நோக்கத்துக்கு எடுக்கும்போது அதைச் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லவேண்டும். அது தனிச் சான்றாக நிற்கலாகாது. முடிவுக்கு முன் அவர் கூற்றை அவர் மொழியில், அவர் நடந்து வரக்கூடிய தூரத்தில் கேட்கவேண்டும். கேட்டு முடியும்வரை உதவி நிற்கலாகாது. பிரித்தானியத் திணைக்களம் கண்டனத்துக்குப் பின் உடன்பட்டவற்றை இங்கே தொடக்கத்திலேயே விதியாக்கும்படி கோருவது மிகையான கோரிக்கை அன்று.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய காரியம் ஒன்றும் உண்டு. மலையக வீடுகளின் பழைய தகரப் பெட்டிகளில் பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதிகளும், நிராகரிப்புக் கடிதங்களும், மங்கிய பயணப் பத்திரங்களும் இன்னும் கிடக்கின்றன. அவை கறையானுக்கு இரையாகு முன், வீட்டாரின் சம்மதத்துடன் அவற்றைப் படித்து, பெரியவர்கள் சொல்வதையும் உடன் எழுதிவைப்போம். "ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தார்" என்று அரசாங்கத்தின் தாள் ஒரு வரியில் முடித்த இடத்தில், ஏன் இருந்தார், எப்படித் திரும்பினார் என்பதை மக்களின் வாயிலிருந்து நிரப்புவோம். வரவை எழுதாத ஏட்டுக்கு எதிராக வரவை எழுதும் ஏடு அதுவாகும். நமது அடுத்த தலைமுறைக் கதைக்கும் நாவலுக்கும் வேண்டிய மூலப்பொருளும் அதுவே.