யார் தோளுக்கு அளந்த பை?

கொல்லிமலையில் ஒரு பை என்னவெல்லாம் சுமக்கிறது என்று யோசித்துப் பார்த்தால், துணிப்பையைப் பற்றி நாம் பொதுவாகப் பேசுவது எவ்வளவு மேலோட்டமானது என்று புரியும். அன்னாசியின் முள்ளும் கொண்டையும் மெல்லிய துணியைக் கிழித்துவிடும். மிளகு, தையல் விட்ட சிறு சந்திலும் ஒழுகும். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏறுகிறவருக்கு இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். மழை மாதங்களில் துவைத்த துணி காய நாளாகும். இவ்வளவுக்கும் ஒரே அளவில் தைத்த மஞ்சள் பை எப்படி ஈடுகொடுக்கும்? தனக்கு வேண்டிய பையைத் தானே அளந்து தைத்துக்கொள்வதற்கு இதுவே முதல் நியாயம். அழகெல்லாம் பிறகுதான்.

நம் பாட்டிமாருக்கு இது தெரிந்திருந்தது. இடுப்பில் செருகிய சுருக்குப்பை ரவிக்கைத் துணியின் மிச்சத்தில் பிறந்தது. வெற்றிலைக்கு ஓர் அறை, பாக்குக்கு ஓர் அறை, காசுக்கு ஓர் அறை. வைத்திருப்பவரின் கைக்கு எந்த அறை எங்கே என்று கண்ணை மூடினாலும் தெரியும். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையிலும் பெயர் உண்டு, ஆனால் அது கொடுத்தவர் பெயர். தூக்கிச் செல்பவரின் தோளையோ சுமையையோ யாரும் அளந்ததில்லை. இன்றைய 'கஸ்டமைஸ்டு' பைகளில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையைத்தான் சேரும் என்பது என் கணிப்பு. பெயரை எம்பிராய்டரி செய்கிறார்கள், குஞ்சம் தொங்கவிடுகிறார்கள்; கைப்பிடியின் நீளம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. துணிபோலத் தோற்றம் தந்து ஏமாற்றும் நெய்யாப் பைகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரங்களும் வந்தன. மலைக்கு இது மிகவும் வேண்டிய மாற்றம். மேலே வீசிய பிளாஸ்டிக் பையை மழைநீர் ஓடைகளுக்கு அடித்துச் செல்கிறது. ஆனால் துணி என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று முடிவுகட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கிட்டது. வழக்கமான புதுப் பருத்தியில் செய்த பை, பருவநிலைப் பாதிப்பில் மட்டும் சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாக 52 முறை பயன்பட வேண்டும். எல்லாச் சுற்றுச்சூழல் அளவுகோல்களிலும் ஈடாக வேண்டுமானால் 7,100 முறை. அதாவது தினம் ஒருமுறை என்றாலும் பத்தொன்பது ஆண்டுக்கு மேல். இந்த ஆய்வு குப்பையாகச் சிதறும் பிளாஸ்டிக்கின் கேட்டைக் கணக்கில் எடுக்கவில்லை. நம் ஓடைகளைப் பார்த்தவர்கள் அதை மறந்துவிட முடியாது. ஆனாலும் பருத்தி விளைய நீரும் உரமும், நூற்று நெய்து சாயமிட மின்சாரமும் செலவாகின்றன என்ற உண்மை அப்படியே நிற்கிறது. வீட்டில் பதினைந்து துணிப்பைகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு பதினாறாவதைத் தைப்பது கைத்திறனாக இருக்கலாம். அதைச் சிக்கனம் என்று சொல்ல மாட்டேன்.

பழைய சேலை, கிழிந்த ஜீன்ஸ், கரூர்–திருப்பூர் பக்கம் மிஞ்சும் வெட்டுத்துண்டு ஆகியவற்றில் தைத்தால் இந்தக் கணக்கு மாறும். துணிக்கான பருத்தி ஏற்கெனவே செலவாகிவிட்டது. வீட்டுத் தையலின் உண்மையான பலம் இங்கேதான். அதன் பலவீனமும் இங்கேயே தொடங்குகிறது. நைந்த சேலையைத் தனியாகத் தைத்தால் பாரம் தாங்காது. உள்ளே காடாத் துணி கொடுக்க வேண்டும். ரவிக்கை தைக்கும் வீட்டு மெஷினில் 14ஆம் எண் ஊசியை மாட்டி நாலு மடிப்பு ஜீன்ஸை ஓட்டினால் ஊசி முறியும், தையல் தாவும். குறைந்தது 16ஆம் எண் வேண்டும். பை பெரும்பாலும் அறுவது கைப்பிடி சேரும் இடத்தில். வாயோரத்தில் ஒரே வரித் தையலில் ஒட்டவைத்த பிடி, பத்துக் கிலோ பலாவைத் தூக்கும்போது துணியையும் பிய்த்துக்கொண்டு வரும். பட்டையை அடிப்பக்கம் வரை ஓடவிட்டு, மேலே சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைப்பதே நிற்கும். ஈரமான மலைக்காற்றில் பருத்தி நூல் சீக்கிரம் இற்றுப்போகும். பாலியெஸ்டர் நூல்தான் தாங்கும் என்பதைத் தூய பருத்தி விரும்பிகள் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். விறைப்புக்காக உள்ளே ஸ்பாஞ்சு வைத்துத் தைத்த பை மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். உள்துணியை வெளியே இழுத்துக் காயவைக்கும்படி தைப்பது நல்லது.

நம் வீடுகளின் ஒயர் கூடையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அது முழுக்க பிளாஸ்டிக். ஆனாலும் பின்னியவர் கையாலேயே பழுது பார்க்கப்பட்டுப் பல ஆண்டுகள் காய்கறி சுமந்தது. ஒரு பையின் ஆயுளை அது எதனால் ஆனது என்பது மட்டும் தீர்மானிப்பதில்லை. பழுது பார்க்கத் தெரிந்த கை அருகில் இருப்பதற்கும் அதில் பெரும் பங்கு உண்டு. தானே தைத்த பைக்கு இந்த வசதி பிறப்பிலேயே இருக்கிறது.

கடைசியாக, பணம். ஜிப்பும் உள்துணியும் இரண்டு உள்பையும் கொண்ட கைப்பை ஒன்றைச் சுத்தமாகத் தைக்க அரைநாள் ஆகும். 'ஓய்வு நேரத்தில் தைத்துச் சம்பாதியுங்கள்' என்று பெண்களிடம் சொல்கிறவர்கள் இந்த அரைநாளை விலையில் சேர்ப்பதே இல்லை. தோட்டவேலை, சமையல், பிள்ளைகள் என்று இருக்கும் மலைப் பெண்ணின் மாலை நேரத்தை ஓய்வு என்று அழைப்பது அநியாயம். தொழிற்சாலைப் பையின் விலையோடு போட்டியிட்டால் தோற்பது அவர் கூலிதான். அதனால் மகளிர் குழுக்கள் ஒரே மாதிரிப் பைகளைக் குவியலாகத் தைத்து மலிவாக விற்கும் வழியை நான் ஆதரிக்கவில்லை. செம்மேட்டிலோ அறப்பளீசுவரர் கோயில் பக்கமோ ஒரு மெஷினைப் போட்டு, வருகிறவர் தோளை அளந்து, அவர் கொண்டுவந்த பழந்துணியிலேயே கைப்பிடி வைத்துத் தந்தால், தொழிற்சாலையால் செய்ய முடியாத வேலைக்குத் தைப்பவர் கூலி வாங்குகிறார். கைப்பிடி அறுந்த பையை மறுபடி தைத்துக் கொடுப்பதற்கும் தனிக் கூலி வைக்கலாம்.