ஹெய்ஸ்னம் சாபித்ரி: பாராட்டுகளும் நடிப்பும்

ஹெய்ஸ்னம் சாபித்ரி (பிறப்பு: 1946) மணிப்பூரி நாடக நடிகை. இம்பாலைச் சேர்ந்த கலாக்ஷேத்ரா மணிப்பூர் நாடகக் குழுவின் முதன்மை நடிகை. அக்குழுவை நிறுவிய இயக்குநர் ஹெய்ஸ்னம் கன்ஹைலாலின் மனைவி. ‘பெபெட்’ (1975), ‘மெமோயர்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கா’ (1985), ‘திரௌபதி’ (2000), ‘டாக்கர்’ (2006) ஆகியவை அவர் நடித்த முக்கியமான நாடகங்கள். 1991-ல் சங்கீத நாடக அகாதமி விருதும் 2008-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

இந்திய நாடக விமர்சகர்கள் சாபித்ரியை நீண்ட காலமாகப் பாராட்டி வருகிறார்கள். நவீன இந்திய அரங்கின் மிகச்சிறந்த நடிகையரின் பட்டியல் எதிலும் அவர் பெயர் இருக்கும். ஆனால் அந்தப் பாராட்டுகளைச் சேர்த்து வாசித்தால் ஒன்று புலப்படுகிறது. அவற்றில் பெரும்பகுதி இயக்குநரின் கொள்கையையும் மணிப்பூரின் அரசியலையும் ஒரு குறிப்பிட்ட காட்சியின் துணிச்சலையும் பேசுகின்றன. நடிகை என்ன செய்தார் என்பதைப் பேசுபவை குறைவு. அவருடைய மூன்று பாத்திரங்களை முன்வைத்து அதை விளக்கலாம்.

பின்னணி

சாபித்ரி மாயாங் இம்பாலில் பிறந்தார். மேடைக் கலைஞரான சிற்றன்னையிடம் வளர்ந்து சிறு வயதிலேயே மேடையேறினார். மணிப்பூரில் அப்போது இருவகை அரங்குகள் இருந்தன. ஒன்று, ஆரியன் தியேட்டர், ரூப்மஹால் போன்ற இம்பால் நகர அரங்குகளின் வசன நாடகம். மற்றொன்று, வீட்டு முற்றங்களில் நடக்கும் ‘சுமாங் லீலா’. ஆண்கள் மட்டுமே உள்ள சுமாங் லீலா குழுக்களில் பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்பார்கள். பெண் நடிகர்கள் என்னும் நிலையே எளிதாக அமையாத ஒரு சூழலிலிருந்துதான் சாபித்ரி வந்தார்.

கன்ஹைலால் டெல்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியில் சேர்ந்து, இந்தியும் ஆங்கிலமும் கைவராததால் படிப்பை முடிக்க இயலாமல் ஊர் திரும்பினார். 1969-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். வசனத்தைக் குறைத்து மூச்சு, ஒலி, உடலசைவு ஆகியவற்றால் நாடகத்தை அமைக்கும் முறையை உருவாக்கினார். 1970-களின் தொடக்கத்தில் பாதல் சர்க்கார் இம்பாலில் நடத்திய பட்டறை அதற்கு ஊக்கமளித்தது.

இந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டுள்ளது. அதில் அதிகம் கவனிக்கப்படாத செய்தி ஒன்று உண்டு. கன்ஹைலால் தன் முறையைத் தேடத் தொடங்கியபோது சாபித்ரி பயிற்சியற்ற மாணவி அல்ல. குரலையும் அழுகையையும் பாட்டையும் மேடையில் கையாண்டு பழகிய நடிகை. வசனம் இல்லாத நாடகம் என்னும் எண்ணம் இயக்குநருடையது. வசனம் நீங்கிய இடத்தில் வைப்பதற்கான குரல் நடிகையிடம் முன்பே இருந்தது.

பெபெட்

மணிப்பூரில் அடுப்பங்கரையில் பாட்டிகள் பேரக்குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகள் ‘ஃபுங்கா வாரி’ எனப்படுகின்றன. பெபெட் அப்படி ஒரு கதை. பெபெட் என்பது ஒரு சிறு பறவை. தாய்ப் பறவையின் கூட்டருகே ஒரு பூனை வருகிறது. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கிறது. குஞ்சுகளுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை என்பதால் தாய் பூனையின் அழகைப் புகழ்கிறது. குஞ்சுகள் பறக்கக் கற்றதும் உண்மையைச் சொல்லிப் பூனையை ஏளனம் செய்கிறது. கோபம்கொண்ட பூனை கடைசிக் குஞ்சைப் பிடித்துக்கொள்ள, தாய் தந்திரத்தால் அதை மீட்கிறது.

கன்ஹைலால் இக்கதையின் நடுவே ஒரு பகுதியைச் சேர்த்தார். அதில் பூனை வைணவ குருவின் சாயலில் வந்து குஞ்சுகளைத் தன் சொல்படி ஆட்டுவித்துத் தாய்க்கு எதிராகத் திருப்புகிறது. 18-ஆம் நூற்றாண்டில் மன்னர் கரீப் நிவாஸ் காலத்தில் வைணவம் மணிப்பூரின் அரச சமயமாகியது. பழைய மெய்தெய் வழிபாடுகள் ஒடுக்கப்பட்டன. நாடகத்தின் அரசியல் பொருள் இதுவே. ருஸ்தம் பருச்சா 1992-ல் வெளியிட்ட நூல் பெபெட்டையும் மெமோயர்ஸ் ஆஃப் ஆப்பிரிக்காவையும் விரிவாக ஆராய்ந்தது. மணிப்பூருக்கு வெளியே இந்நாடகங்கள் அறியப்பட அந்நூல் முக்கியமான காரணம்.

அரசியல் உருவகத்தைப் புரிந்துகொண்டதும் பலர் நாடகத்தைப் புரிந்துகொண்டுவிட்டதாக எண்ணுகிறார்கள். ஆனால் உருவகம் நிலைப்பது தாய்ப் பறவையாக நடிக்கும் சாபித்ரியால். நாடகத்தில் வார்த்தைகள் மிகக் குறைவு. பறவையின் கூவலே பெரும்பாலும் வசனம். ஒரே ஒலி குஞ்சை அழைக்க வேண்டும், எச்சரிக்க வேண்டும், பூனையிடம் குழைய வேண்டும், இறுதியில் பூனையைக் கேலி செய்யவும் வேண்டும். குறிப்பாக, புகழும் காட்சி மிகக் கடினமானது. தாய் பூனையிடம் பொய் சொல்கிறாள். அது பொய் என்று பூனைக்குத் தெரியக்கூடாது, பார்வையாளருக்குத் தெரிய வேண்டும். வசனம் இருந்தால் நடிகர் குரலில் ஒன்றும் சொல்லில் இன்னொன்றுமாக அதைக் காட்டிவிடலாம். இங்கே சொல்லே இல்லை. முகமும் தொண்டையும் பூனையிடம் பணிய, குஞ்சுகளை மறைத்து நிற்கும் உடல் பணிய மறுக்கிறது. ஆதிக்கத்தின் கீழ் வாழும் மக்கள் பணிவதும் பணியாததும் ஒரே உடலில் எப்படி நிகழ்கின்றன என்பதை இக்காட்சி காட்டுகிறது. இதை நடிகையிடமிருந்து பிரித்து நாடகப் பிரதியில் தேடினால் கிடைக்காது.

சாபித்ரியின் நடிப்பு மொழியைக் கடந்தது என்ற பாராட்டு அடிக்கடி சொல்லப்படுகிறது. 1991-ல் கெய்ரோவின் சோதனை நாடக விழாவில் ‘மிகி ஷரங்’ நாடகத்துக்காக அவருக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. மணிப்பூரி அறியாதவர்கள் அவரை உணர முடிந்தது என்பது உண்மை. ஆனால் அவருடைய ஒலிகள் எந்த ஊருக்கும் உரியவை அல்ல என்று இதற்குப் பொருளில்லை. அவை அடுப்பங்கரைக் கதையிலிருந்தும் ஒப்பாரியிலிருந்தும் தாலாட்டிலிருந்தும் வருபவை. தங்களுக்கு மொழி தெரியாததை நடிகை மொழியைக் கடந்ததாக மாற்றிச் சொல்வது பெருநகர விமர்சகர்களுக்கு வசதியானது. ‘பிராந்திய நாடகம்’ என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்தும் விதமும் இதுதான். ஒரு நடிகையைப் பாராட்டும்போது அவர் பிராந்தியத்தைத் தாண்டிவிட்டதாகச் சொல்கிறார்கள். சாபித்ரி அதைத் தாண்டவில்லை. அதற்குள் மிக ஆழமாகச் சென்றவர்.

திரௌபதி

மகாஸ்வேதா தேவியின் ‘திரௌபதி’ சிறுகதையின் நாயகி தோப்தி மெஜேன் என்னும் சந்தால் பெண். நக்சல் இயக்கத்தைச் சேர்ந்த அவள் ராணுவத்திடம் பிடிபட்டுக் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாகிறாள். மறுநாள் காலை ஆடை அணிய மறுத்து, காயங்களுடன் நிர்வாணமாக அதிகாரி சேனாநாயக்கின் முன் வந்து நிற்கிறாள். ஆயுதமற்ற ஒருத்தியின் முன் அவன் முதல்முறையாக அஞ்சுகிறான்.

2000-ல் இந்நாடகத்தை நடித்தபோது சாபித்ரிக்கு வயது 54. இறுதிக் காட்சியில் அவர் மேடையில் ஆடை களைந்தார். இம்பாலில் கடும் எதிர்ப்பு எழுந்தது. வெளியூர்களில் நாடகம் பெரும் பாராட்டைப் பெற்றது. 2004 ஜூலையில் தங்ஜம் மனோரமா அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் படையினரால் கைது செய்யப்பட்டபின் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். ஜூலை 15 அன்று 12 பெண்கள் அப்படையினர் முகாமிட்டிருந்த கங்லா கோட்டை வாயிலில் ஆடை களைந்து போராடினர். அதன்பின் விமர்சகர்கள் திரௌபதியை வருங்காலத்தை முன்கூட்டிச் சொன்ன நாடகமாக எழுதத் தொடங்கினர்.

இந்த ஒப்பீட்டை யாரும் தவிர்க்க முடியாது. ஆயினும் ‘முன்னறிவிப்பு’ என்ற சொல் இரு தரப்புக்கும் நீதி செய்யவில்லை. கங்லா வாயிலில் நின்ற பெண்கள் ஒரு நாடகக் காட்சியை நடித்துக் காட்டியவர்கள் அல்ல. ‘மெய்ரா பைபி’ என்னும், தீப்பந்தம் ஏந்தி இரவுக் காவல் செய்த பெண்கள் இயக்கத்தின் மரபில் வந்தவர்கள். மனோரமாவின் மரணத்தால் எழுந்த துயரமும் சினமும் அவர்களுடையவை. மறுபுறம், சாபித்ரியின் நடிப்பு ஒரு சகுனமாகச் சுருங்கியது. ஆடை களைந்தார் என்பது நினைவில் நின்றது, எப்படி நடித்தார் என்பது மறைந்தது.

மேடையில் அக்காட்சி எளிதில் பிழைபடக்கூடியது. நடிகை சற்றே கெஞ்சினால் அது இரக்கத்தைத் தேடும் காட்சியாகும். சற்றே முழங்கினால் மேடைப்பேச்சாகும். உடலை அழகாகக் காட்டினால் பார்வையாளர்களும் சேனாநாயக்கின் ஆட்கள் ஆகிவிடுவார்கள். சாபித்ரியின் திரௌபதி முன்னேறுகிறாள், அதிகாரி பின்வாங்குகிறான். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது தலைகீழாகிறது. ஐம்பது வயதைக் கடந்த, அதை மறைக்க முயலாத உடல் அது. பார்த்து மகிழ வாய்ப்பளிக்காமல், பார்ப்பவரைப் பதில் சொல்ல அழைக்கிறது. இந்த இடத்தை அடைய 25 ஆண்டுகளாக மூச்சையும் நடையையும் பயின்ற நடிகை தேவைப்பட்டார். துணிச்சல் மட்டும் போதுமானதல்ல.

டாக்கர்

2006-ல் கன்ஹைலால் தாகூரின் ‘டாக்கர்’ (அஞ்சல் நிலையம்) நாடகத்தை இயக்கினார். நோயால் அறைக்குள் அடைபட்ட அமல் என்னும் சிறுவனாக, 60 வயதான சாபித்ரி நடித்தார். அமல் சன்னலருகே அமர்ந்து தயிர்க்காரனிடமும் காவல்காரனிடமும் பூப்பறிக்கும் சுதாவிடமும் பேசுகிறான். அரசரின் கடிதத்துக்காகக் காத்திருக்கிறான்.

முதிய நடிகை சிறுவனாகும்போது மழலைக் குரலும் துள்ளலும் உடனே கைக்கு வரும் உத்திகள். அமலின் பாத்திரத்தை அவை கெடுத்துவிடும். அவன் ஓட முடியாத சிறுவன். உடல் அடங்கியிருக்க, ஆவல் மட்டும் தெருவெங்கும் அலைகிறது. அசைவைக் குறைத்து மூச்சால் உணர்த்தும் சாபித்ரியின் முறை வேறெந்தப் பாத்திரத்தையும்விட இதற்கே பொருந்துகிறது. ஆறு ஆண்டு இடைவெளியில் ஒரே உடல் வன்முறைக்கு ஆளான பெண்ணாகவும், மரணத்தை அறியாமல் அதை நோக்கிச் செல்லும் சிறுவனாகவும் நின்றிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய எல்லை தெரியும். ஆனால் திரௌபதி குறித்து எழுதப்பட்ட அளவில் ஒரு சிறு பகுதிகூட அமல் குறித்து எழுதப்படவில்லை.

மதிப்பீடு

கன்ஹைலால் 2016-ல் மறைந்தார். இருவருடைய பங்களிப்பையும் முற்றிலும் பிரித்துவிட முடியாது. பிரிப்பது தேவையும் அல்ல. ஆனால் இயக்குநரைச் சிந்தனையாகவும் நடிகையை அச்சிந்தனையைச் சுமந்த உடலாகவும் காணும் வழக்கம் மாற வேண்டும். நடிகரின் உடலையே பிரதியாகக் கொண்ட அரங்கில் நடிகையும் ஆசிரியர்தான்.

நாடகப் பிரதி அச்சில் இருக்கும். இயக்குநரின் கொள்கை கட்டுரைகளில் இருக்கும். நடிப்பு விளக்கணைந்ததும் இல்லாமலாகிறது. பின்னர் வருபவர்களுக்கு அதைப் பற்றி எஞ்சுவது பார்த்தவர்கள் எழுதிவைத்த விவரணை மட்டுமே. ஆகவே சாபித்ரியைப் போன்ற நடிகைக்கு விமர்சகர்கள் செய்யக்கூடிய முதல் மரியாதை, அவர் மேடையில் என்ன செய்தார் என்பதை நுணுக்கமாகப் பதிவுசெய்வது. அவரை மாபெரும் நடிகை என்று சொல்வது அதற்குப் பின்னரே வர வேண்டும்.