மாண்டவனின் அந்தரங்கம்

துப்பறியும் படங்களில் பாத்திரத்தின் ஆழத்தைத் தேடுவது வீண் வேலை, கொலையாளி யாரென்று தெரிந்த மாத்திரத்தில் அவற்றின் ஆயுள் முடிந்துவிடுகிறது என்னும் அபிப்பிராயம் நம் ரசிகர்களிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸார் எடுத்த ‘திகம்பர சாமியார்’ படத்தைப் பொறுத்தமட்டில் இது பெரும்பாலும் சரியே. நம்பியார் வேஷத்தின்மேல் வேஷமாக மாற்றிக்கொண்டு வருவதில் மனம் லயிக்கிறதேயன்றி, அவ்வேஷங்களுக்குள்ளே இருக்கிற மனிதன் யார் என்று கேட்கத் தோன்றுவதில்லை.

1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ அவ்வாறு எளிதில் தீர்ந்துவிடுவதன்று. பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை என்று அதில் இல்லாதவற்றையே எண்ணி எண்ணிப் புகழ்ந்தோம், ஜப்பானிய ‘ராஷோமா’னோடு ஒப்பிட்டு அதன் கதை சொல்லும் உத்தியை வியந்தோம், உள்ளே இருக்கிற மனிதர்களை மட்டும் போதிய அளவு கவனிக்கவில்லை என்பதே என் குறை.

1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய சமயத்தில், ரேடியோ இஞ்சினீயர் ராஜன் தன் வீட்டிலேயே சுடப்படுகிறான். படத்தின் முதல் காட்சியிலேயே மாண்டுபோகும் அவனுக்குத் தன் கட்சியைத் தானே எடுத்துரைக்கும் பாக்கியம் இல்லை. ஜாவர் சீதாராமன் தாமே எழுதித் தாமே ஏற்ற துப்பறியும் அதிகாரி சிவானந்தம் ஒவ்வொருவரையும் விசாரிக்க, தம்பியின் வாயில் அவன் சொத்தில் பங்கு தர மறுக்கும் கல்நெஞ்சனாகிறான். காதலி அம்புஜத்தின் வாயிலாக வீட்டுக்கு வெளியே அவன் வளர்த்த உறவு தெரியவருகிறது. சிவாஜி கணேசன் இங்கே ராஜனை நடிக்கவில்லை, பிறர் மனத்தில் தங்கிய ராஜன்களை நடிக்கிறார். தமையனைக் கல்நெஞ்சன் என்கிற தம்பியின் குரலிலோ, தமையனின் குணத்தைவிடத் தம்பியின் ஆசையே துலக்கமாகக் கேட்கிறது.

ராஜனின் மனைவி உஷாவின் வாக்குமூலத்துக்கு வரும்போது படம் வேறொரு தளத்தில் அடியெடுத்து வைக்கிறது. தேசத் துரோகியைத் தேசபக்தையான மனைவி தண்டித்தாள் என்று இதைச் சுருக்கிவிடும் வழக்கத்தை நான் ஏற்பதற்கில்லை. தன் திறமையைச் சொந்த நாட்டார் மதிக்கவில்லையே என்று வெந்து, அந்தக் கசப்பிலேயே பகைவனுக்கு ரகசியங்களை விற்கத் துணிந்த ஒருவனின் மனத்தை, அத்தனை சாட்சிகளுக்குள்ளும் அவள் ஒருத்திதான் நமக்குத் திறந்து காட்டுகிறாள். யாருடைய கையில் அந்தத் துப்பாக்கி வெடித்ததோ அவளே அவனுக்காக வாதாடவும் வேண்டியிருக்கிறது. இந்தத் தர்மசங்கடம் முழுவதையும் பண்டரிபாய் குரலை உயர்த்தாமலேயே தாங்கி நிற்கிறார். ‘பராசக்தி’யில் இதே இருவரை ஜோடியாகக் கண்டு மகிழ்ந்து இரண்டே வருஷம் ஆகியிருந்த ஜனங்களுக்கு அது எத்தகைய அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும்!

பத்து வருஷம் கழித்து வந்த ‘புதிய பறவை’யில் சிவாஜிக்கு நேர்மாறான பொறுப்பு வாய்த்தது. ராஜனைப்பற்றி எல்லாரும் பேசினார்கள். இங்கே கோபால் தன் கதையைத் தானே சொல்கிறான், அதையும் பாதி மறைத்துச் சொல்கிறான். தண்டவாளத்தில் மனைவி சித்ராவின் உடல் எவ்வாறு வந்தது என்பதைக் காதலி லதாவிடமிருந்து அவன் மறைத்து வைத்திருந்தாலும், எங்கோ ஒரு ரயிலின் ஓசை எழுந்த மாத்திரத்தில் அவனுடைய முகம் வெளிறி, பேச்சு குழறிவிடுகிறது.